அந்தப் படிக்கட்டில் அவள் ஓடியிருக்க முடியாது

என் நாவலின் முதல் அத்தியாயத்தை எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. கென்சிங்டன் அரண்மனை, மார்ச் மாதத்துக் குளிர் காலை, 11 வயதுப் பெண் ஒருத்தி கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மாடியிலிருந்து இறங்குகிறாள், பின்னாலேயே காது தொங்கும் ஒரு சின்ன நாய் நகம் சறுக்கச் சறுக்க ஓடி வருகிறது, கீழே யாரோ "இளவரசி, மெதுவாக!" என்று கத்துகிறார்கள். இளையோர் நாவல் என்றால் முதல் பக்கத்திலேயே ஓட்டம் இருக்க வேண்டும் என்று யாரோ எங்கேயோ சொன்னதை நம்பி எழுதியது. சரி, ஓட்டம் இருந்தது. இரண்டு மாதம் அதைத் திருத்தித் திருத்தி மெருகேற்றினேன்.

அப்புறம்தான் தெரிந்தது, என் கதாநாயகி, பின்னாளில் பிரிட்டனின் ராணியான விக்டோரியா, அந்தப் படிக்கட்டில் ஓடியிருக்கவே முடியாது. ஓடுவது இருக்கட்டும், தனியாக இறங்கியிருக்கவே முடியாது. பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். தவழும் வயதில் இல்லை, ராணி ஆகும் நாள் வரைக்கும், அதாவது 18 வயது வரைக்கும். நாயும் தப்பு. டாஷ் என்ற அந்த ஸ்பானியல் வீட்டுக்கு வந்தது 1833இல், அவளுக்கு 13 வயதானபோது. ஆக, அந்த அத்தியாயத்தில் மிஞ்சியது மார்ச் மாதத்துக் குளிர் மட்டும்.

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கையைப் பிடிக்கும் விதியைப் படித்த பிறகுதான் நான் எழுத வேண்டியது என்ன என்றே புரிந்தது என்பதால் இப்போது அந்த இரண்டு மாதத்தைப் பற்றி வருத்தம் இல்லை.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பிள்ளைகள் ஏராளம், ஆனால் முறைப்படி வாரிசு என்று சொல்லிக்கொள்ள இருந்த பேத்தி ஒருத்திதான், சார்லட். அவள் 1817 நவம்பரில் பிரசவத்தில் இறந்துபோனாள், குழந்தையும் பிழைக்கவில்லை. உடனே ஐம்பதை ஒட்டிய வயதில் இருந்த சித்தப்பாக்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். அதில் ஒருவர் கென்ட் டியூக் எட்வர்ட். அவர் ஒரு ஜெர்மன் விதவையை மணந்து, 1819 மே 24 அன்று பிறந்தவள்தான் அலெக்சாண்ட்ரினா விக்டோரியா. வீட்டில் ட்ரீனா. எட்டு மாதத்தில் அப்பா நிமோனியாவில் போய்விட்டார், அதற்கு ஆறு நாள் கழித்துத் தாத்தாவும் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது 33 வயது, இரண்டாவது முறையாக விதவை, ஆங்கிலம் சரியாக வராது, கணவர் விட்டுப்போனது கடன் மட்டும். பக்கத்தில் இருந்த ஒரே ஆள் கணவரிடம் வேலை பார்த்த ராணுவ அதிகாரி ஜான் கான்ராய். வீட்டுக் கணக்கு வழக்கு, வரவு செலவு எல்லாம் அவர் கைக்குப் போனது. கொஞ்ச நாளில் வீடே அவர் கைக்குப் போனது.

அந்த அம்மாவும் கான்ராயும் சேர்ந்து போட்ட ஏற்பாட்டைத்தான் 'கென்சிங்டன் முறை' என்று சொல்கிறார்கள். பேர் என்னமோ பள்ளிக்கூடப் பாடத்திட்டம் மாதிரி இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அவள் தூங்குவது அம்மாவின் அறையில், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். அம்மா படுக்க வரும் வரை ஆசிரியை லேட்சன் அங்கேயே உட்கார்ந்திருப்பார். யாரையும் தனியாகச் சந்திக்கக் கூடாது. விளையாட வருவது பெரும்பாலும் கான்ராயின் மகள்கள்தான், அவர்களை அவளுக்குப் பிடிக்காது. அவள் எப்படி நடந்துகொண்டாள் என்று எழுதி வைக்க நடத்தைக் குறிப்பேடு ஒன்று உண்டு. பெரியவளான பிறகு அவளே எழுதிய நாட்குறிப்பை அம்மா படித்துப் பார்ப்பார்.

இதையெல்லாம் வரிசையாகச் சொல்லும்போது கொடுமை தெரிவதில்லை. யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. வயதான பிறகு, 1872இல், அவளே தன் சிறுவயதைப் பற்றி எழுதி வைத்த குறிப்பு ஒன்று இருக்கிறது. காலை எட்டரைக்குச் சாப்பாடு, மதியம் ஒன்றரைக்கு, இரவு ஏழுக்கு. பாலில் ஊறவைத்த ரொட்டியை ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் சாப்பிட்டேன், தேநீர் பெரிய சலுகையாகப் பின்னாளில்தான் கிடைத்தது என்று எழுதுகிறாள். அந்த வெள்ளிக் கிண்ணத்தில் நான் ஒரு வாரம் சிக்கிக் கிடந்தேன். கிண்ணம் வெள்ளி, உள்ளே இருப்பது பாலில் ஊறிய ரொட்டி. அதே குறிப்பில் இன்னொரு நினைவு: மஞ்சள் கம்பளத்தில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, அழுதால் சசெக்ஸ் மாமாவுக்குக் கேட்கும், வந்து தண்டிப்பார் என்று மிரட்டுவார்களாம், அதனால் அவரைப் பார்த்தாலே வீறிட்டு அழுவாளாம். (அவர் அப்பாவின் தம்பி, முறைப்படி சித்தப்பா. ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள். இந்தக் குடும்பத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் பாதி நேரம் யார் பெரியப்பா யார் சித்தப்பா என்று தாளில் மரம் போட்டுப் பார்ப்பதிலேயே போகிறது. நான்காம் ஜார்ஜும் வில்லியமும் பெரியப்பாக்கள், சசெக்ஸ் சித்தப்பா, பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் அம்மாவின் தம்பி, அவர்தான் உண்மையான மாமா. மேலே மாமா என்று எழுதியதை அழிக்காமல் விட்டுவிட்டேன், என் கஷ்டம் உங்களுக்கும் தெரியட்டும்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராணிகளின் இளமைக்காலம் பற்றிய இளையோர் நாவல்கள் கடந்த சில வருடங்களில் நிறையவே படித்துவிட்டேன். பெரும்பாலும் ஒரே அச்சு. மூடிய அரண்மனை, உள்ளே துடிதுடிப்பான பெண், நான்காவது அத்தியாயத்துக்குள் ஜன்னல் வழியாக வெளியே குதித்துவிடுவாள். வேலைக்காரியின் உடையை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போவாள். அங்கே ஒரு பையன் இருப்பான், பெரும்பாலும் குதிரை லாயத்தில் வேலை செய்பவன் அல்லது அச்சகத்தில் வேலை செய்பவன். ஊரில் ஏழைகள் இருக்கிறார்கள் என்று அவன்தான் அவளுக்குச் சொல்லித் தருவான். நானும் இதையேதான் எழுதினேன், ஒளிப்பானேன். என் முதல் வரைவில் ஒரு ஜன்னல் இருந்தது. ஒரு பையனும் இருந்தான். நல்ல பையன், தூக்கி எறிய மனசே வரவில்லை.

இதில் எனக்கு இருக்கும் வருத்தம் வரலாற்றுப் பிழை பற்றியது மட்டும் அல்ல. கற்பனை வேண்டாம் என்றால் நாவல் எதற்கு. என் சங்கடம் வேறு. ஜன்னல் வழியாகக் குதிக்க முடிகிறது என்றால் அது சிறையே இல்லை. நான்காவது அத்தியாயத்தில் அவளை வெளியே விட்டுவிட்டால், அதற்குப் பிறகு அவள் உள்ளே இருப்பதைப் படிப்பவர் நம்பப்போவதில்லை. 18 வயதுப் பெண் ஒருத்தி தனியாக ஓர் அறைக்குள் நுழைவதே இந்தக் கதையின் உச்சக்காட்சி. அந்த நுழைவு இடி மாதிரி விழ வேண்டும் என்றால், அதற்கு முன் 300 பக்கம் அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது. கேட்பதற்குச் சுலபம், எழுதிப் பாருங்கள், மூச்சு முட்டும்.

என் அக்கா மகளுக்கு 14 வயது. என் வரைவுகளுக்கு முதல் வாசகி அவள்தான், இரக்கமே கிடையாது. ஜன்னலையும் பையனையும் தூக்கிவிட்டு எழுதிய இரண்டாவது வரைவைப் படித்துவிட்டு ஃபோனில் கேட்டாள்: "சித்தி, இவ ஏன் ஒரு தடவைகூட கத்தல? நானா இருந்தா வீட்டையே ரெண்டு ஆக்கியிருப்பேன்."

நல்ல கேள்வி. உண்மையில் கத்தினாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது பயங்கரக் கோபக்காரி. அந்த நடத்தைக் குறிப்பேட்டில் 1832 செப்டம்பரில், அவளுக்கு 13 வயதில், 'மிக மிக மிக மிகக் கொடூரமாக அடம்பிடித்தேன்' என்கிற பொருளில் அவள் கையாலேயே எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது. கத்தின குற்றத்தைக் கத்தினவளே எழுத வேண்டும். அந்தப் பக்கத்தை ஒரு காட்சியாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கத்துவது அவர்களுக்குச் சாதகம். பெண்ணுக்கு நிதானம் இல்லை, பக்குவம் இல்லை, அரியணை ஏறினாலும் பக்கத்தில் பெரியவர்கள் இருந்து நடத்த வேண்டும் என்று சொல்வதற்குக் கான்ராய்க்குத் தேவைப்பட்டது அதுதான். ஆக, அவள் எந்த வயதில் கத்துவதை நிறுத்தினாள், ஏன் நிறுத்தினாள் என்பதில் ஒரு முழு நாவல் இருக்கிறது. அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ அதை எழுதுங்க, எங்கிட்ட சொல்றீங்க" என்றாள்.

நாட்குறிப்புக்கு வருவோம். 1832 ஜூலை 31 தேதியிட்டு, வேல்ஸ் பயணத்தைப் பற்றி எழுதுவதற்காக அம்மா கொடுத்த புத்தகம் இது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். பயணத்தில் பர்மிங்ஹாம் பக்கம் நிலக்கரி எடுக்கும் ஊர்கள் வழியாக வண்டி போகிறது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், நிலம், வீடுகள், எல்லாமே கறுப்பு என்கிறாள். புல் கருகிக் கிடக்கிறது, ஒரு கட்டடம் தீ கக்கிக்கொண்டிருக்கிறது. ஏழைகளைப் பற்றிச் சொல்லித்தர அச்சகத்துப் பையன் எதற்கு, வண்டி ஜன்னல் போதும். அந்த ஜன்னலைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

ஆனால் நாட்குறிப்பை அப்படியே நம்பவும் முடியாது, அங்கேதான் ருசி. அம்மா படிப்பார் என்று தெரிந்து எழுதப்பட்ட நாட்குறிப்பு அது. அதனால் அதில் எல்லாரும் 'அன்பான' ஆட்கள். அம்மா அன்பானவர், பயணம் இனிமையானது, இசை நிகழ்ச்சி அற்புதம். டாஷுக்குச் சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் மாட்டிவிட்டதைப் பற்றி உருகி உருகி எழுதுகிறாள். 1833 கிறிஸ்துமஸுக்கு அந்த நாய்க்கு மூன்று ரப்பர் பந்தும், அலங்காரம் செய்த இஞ்சி ரொட்டித் துண்டு இரண்டும் பரிசு. படிக்கச் சிரிப்பு வரும். அப்புறம் யோசித்தால், இதில்தானே எழுத அனுமதி இருந்தது என்று தோன்றும். நாயைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அந்த நாய்கூட கான்ராய் அம்மாவுக்குப் பரிசாகக் கொண்டுவந்த நாய். தான் வெறுத்த ஆள் கொடுத்த நாயைத்தான் அவள் தன்னுடையதாக்கிக்கொண்டாள். இதை நானாக யோசித்து எழுதியிருந்தால், செயற்கையாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று பதிப்பாசிரியர் சொல்லியிருப்பார்.

பொம்மைகள் பற்றிய கணக்கும் இப்படித்தான். 132 மரப்பொம்மைகள். அவளும் லேட்சனும் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் துணி தைத்து, பேர் வைத்து, யார் யார் என்று ஒரு புத்தகத்தில் பதிவும் போட்டார்கள். பெரும்பாலும் அரண்மனைச் சீமாட்டிகள், ஆபராவிலும் பாலேயிலும் பார்த்த பாத்திரங்கள். நான் அதைப் பட்டியலாக நினைக்காமல் நேரமாக நினைத்துப் பார்த்தேன். கை விரல் அளவுக் கைகளுக்குச் சட்டை தைத்து ஓரம் மடிக்க எத்தனை சாயங்காலம் ஆகும்?

லேட்சனைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். ஹனோவரிலிருந்து வந்த பாதிரியாரின் மகள், சாப்பிடும் எல்லாவற்றின் மேலும் சீரகம் மாதிரி இருக்கும் கேரவே விதைகளைத் தூவிக்கொள்ளும் வினோதப் பழக்கம், கண்டிப்பு, அதே சமயம் அந்த வீட்டில் அவள் பக்கம் மட்டும் நின்ற ஒரே ஆள். தமிழில் எழுதும்போது எனக்கு ஒரு வசதி கிடைத்தது, ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு அது இல்லை. யார் யாரை 'நீ' என்கிறார்கள், யார் 'நீங்கள்' என்கிறார்கள் என்று முடிவு செய்தே ஆக வேண்டும். என் நாவலில் லேட்சன் கடைசி வரை 'நீங்கள்' என்றே சொல்கிறார், திட்டும்போதுகூட. கான்ராய் விருந்தாளிகள் முன்னால் 'நீங்கள்', கதவு சாத்திய பிறகு 'நீ'. இதை எங்கேயும் விளக்கவில்லை. அக்கா மகள் மூன்றாவது அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்: "இந்த ஆள் கதவை சாத்தினா மாறிடறான்." அந்த ஒரு நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும், விக்டோரியாவின் அக்கா. அம்மாவின் முதல் கல்யாணத்தில் பிறந்தவள் ஃபியோடோரா, 12 வயது மூத்தவள், அந்த வீட்டில் இருந்த இன்னொரு இளம் முகம். 1828இல் கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போய்விட்டாள். பல வருடம் கழித்துத் தங்கைக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கல்யாணத்தால் நான் சில வருடச் சிறையிலிருந்து தப்பித்தேன், நீதான் பாவம் அதை அனுபவித்தாய் என்கிறாள். வண்டியில் உன்னோடும் லேட்சனோடும் வெளியே போகும்போது மட்டும்தான் நினைத்தபடி பேசவும் பார்க்கவும் முடிந்தது என்றும் எழுதுகிறாள். நினைத்தபடி பேச என்பது சரி. நினைத்தபடி பார்க்க என்கிறாளே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கண் எங்கே போகிறது என்பதைக்கூட யாரோ கவனித்துக்கொண்டிருந்த வீடு.

அம்மாவை வில்லியாக எழுதுவது மிகச் சுலபம், நான் அதற்கு ஒப்பவில்லை. அவருக்கு உண்மையாகவே பயம் இருந்தது. விக்டோரியாவுக்கு அடுத்த வாரிசு கம்பர்லண்ட் டியூக், அவர் குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவார் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது, அந்தப் பேச்சை ஊதிப் பெரிதாக்கியதில் கான்ராய்க்கும் பங்கு உண்டு. படிக்கட்டில் கையைப் பிடிக்கச் சொன்ன அம்மா மகள் விழுந்துவிடுவாள் என்று நடுங்கியவராகவும் இருக்கலாம். 1861இல் அம்மா இறந்த பிறகு அவர் பெட்டிகளைத் திறந்து பார்த்த விக்டோரியா, தன் குழந்தைப் பருவத்துப் பொருட்களையும் குறிப்புகளையும் அம்மா எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார் என்று பார்த்து உடைந்துபோகிறாள். அது என் நாவலுக்கு வெளியே, 24 வருடம் தள்ளி நடப்பது. ஆனால் அம்மாவின் ஒவ்வொரு வசனத்தையும் எழுதும்போது அந்தப் பெட்டி என் மேசைக்கடியில் இருப்பது மாதிரியே இருந்தது. கான்ராயிடம் எனக்கு அந்த இரக்கம் இல்லை. நியாயமாக எழுத முயற்சி செய்தேன், வரவில்லை.

கதையில் வேகம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: கடிகாரம் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் எதையும் புதிதாகச் செய்ய வேண்டாம். 1830இல் பெரியப்பா வில்லியம் மன்னராகிறார், வயது 64. விக்டோரியாவுக்கு 18 நிறைவதற்குள் அவர் இறந்தால் அம்மாதான் ஆட்சிப் பொறுப்பாளர், அதாவது கான்ராயின் கையில் ராஜ்ஜியம். 18 நிறைந்த பிறகு இறந்தால் அவளே ராணி, கான்ராய்க்கு ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் கதை. வில்லியமுக்கும் இது நன்றாகத் தெரியும். 1836 ஆகஸ்டில் தன் பிறந்தநாள் விருந்தில், நூறு பேர் முன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை வைத்துக்கொண்டே, இன்னும் ஒன்பது மாதம் நான் உயிரோடு இருந்தால் போதும், இந்த அம்மாள் கையில் ஆட்சி போகாமல் பார்த்துக்கொள்வேன் என்று பேசினார். விக்டோரியா அழுதுவிட்டாள். சாப்பாட்டு மேசை காட்சி எழுதப் பிடித்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்.

கான்ராய்க்கும் கடிகாரம் கேட்டது. 1835 இலையுதிர் காலத்தில் ராம்ஸ்கேட் கடற்கரை ஊரில் இருந்தபோது அவளுக்குக் கடும் காய்ச்சல், வாரக்கணக்கில் படுக்கை, தலைமுடி கொட்டிப்போகிறது. அந்த நிலையில் கான்ராய் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டுகிறார், ராணியானதும் அவரைத் தனிச் செயலாளராக வைத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி. அம்மாவும் வற்புறுத்துகிறார். 16 வயதுப் பெண், நிற்கத் தெம்பில்லை, போட மாட்டேன் என்கிறாள். போடவே இல்லை. அந்த நாட்களில் நாட்குறிப்பு நின்றுபோகிறது. மறுபடி எழுதத் தொடங்கும்போது நோயைப் பற்றி எழுதுகிறாள், தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராணியான பிறகுதான் பிரதமர் மெல்போர்னிடம் வாய்விட்டுச் சொல்கிறாள்.

இதை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. முதலில் நீண்ட வசனம் எழுதினேன், பேனாவைத் தூக்கி எறிகிறாள், மை சுவரில் தெறிக்கிறது. நாடகம். அழித்தேன். இப்போது இருக்கும் வடிவத்தில் அவள் போர்வைக்குள் கையை வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். வெளியே எடுக்கவில்லை. பேனா பிடிக்கக் கை வெளியே வர வேண்டும் அல்லவா, வரவில்லை. இது என் கற்பனைதான், ஆனால் எப்போதும் யாரோ பிடித்துக்கொண்டிருந்த கை அது என்பதால் அவளிடம் இருந்த ஒரே ஆயுதமும் அதுதான் என்று எனக்குப் பட்டது.

1837 மே மாதம் இன்னும் இறுக்கம். பிறந்தநாளுக்குச் சில நாள் முன் மன்னரிடமிருந்து ஒரு கடிதம், வருடத்துக்கு 10,000 பவுண்டு தருகிறேன், தனி வீட்டு நிர்வாகம் வைத்துக்கொள் என்று. கொண்டுவந்த கானிங்ஹாம் பிரபு அதை இளவரசி கையிலேயே கொடுக்க வேண்டும் என்று உத்தரவோடு வருகிறார். அம்மா கையை நீட்டுகிறார், அவர் கொடுக்க மறுத்து மகளிடம் தருகிறார். பதில் என்னவோ கான்ராய் தரப்பில் தயாராகி அவள் கையெழுத்தில் போகிறது. படித்துவிட்டு மன்னர், இது விக்டோரியா எழுதியதே இல்லை என்கிறார். நாட்குறிப்பில் அந்த நாட்களில் ஒரே ஓர் ஓட்டை விழுகிறது: மிகவும் வேதனை, கலக்கம், சாப்பிடக் கீழே போகவில்லை என்று எழுதிவிடுகிறாள். நூற்றுக்கணக்கான பக்கம் 'அன்பான', 'இனிமையான' என்று படித்துவிட்டு இந்த வரிக்கு வந்தபோது எனக்கு எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

மே 24, வயது 18. ஜூன் 20 அதிகாலை, வில்லியம் இறந்துவிட்டார். நடுவில் 27 நாள். இதை நாவலில் வைத்தால் நம்ப மாட்டார்கள், வரலாற்றில் இருப்பதால் நம்ப வேண்டியிருக்கிறது.

அன்று நாட்குறிப்பில் என்ன எழுதினாள் தெரியுமா? காலை ஆறு மணிக்கு அம்மா எழுப்பினார், கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பும் கானிங்ஹாம் பிரபுவும் வந்திருப்பதாகச் சொன்னார், எழுந்து என் உட்காரும் அறைக்குப் போனேன், இரவு உடைமேல் போடும் அங்கியோடு மட்டும், தனியாக. ஒன்பது மணிக்கு மெல்போர்ன் பிரபு வந்தார், அவரைத் தனியாகப் பார்த்தேன், என் அமைச்சர்கள் எல்லாரையும் இனி எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன். இரவுச் சாப்பாடு மாடியில், தனியாக. அந்த ஒரு நாள் பதிவில் 'தனியாக' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு தேசமே கைக்கு வந்த நாளில் அவள் கொண்டாடியது அந்த ஒரு சொல்லை. அன்றைக்கே தன் கட்டிலை அம்மாவின் அறையிலிருந்து அப்புறப்படுத்தவும் சொல்லிவிட்டாள்.

மறு வருடம் முடிசூட்டு விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் டாஷைக் குளிப்பாட்டப் போனாள் என்பது எல்லாருக்கும் பிடித்த கதை. என் நாவலை அதில் முடிக்கலாம் என்றுதான் இருந்தேன், ஈர நாய், கிரீடம் கழற்றிய தலை, அழகான படம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் அதிக அழகு.

இப்போது கடைசி அத்தியாயம் ஜூன் 20 காலை, படுக்கையறையிலிருந்து உட்காரும் அறை வரைக்கும், சில நிமிஷம், 11 பக்கம். அம்மா கையில் வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கி, பின்னால் லேட்சன். வழக்கம்போல அம்மாதான் கையைப் பிடித்து மாடிப்படியில் இறக்கிக் கூட்டி வருகிறார். கதவு வரைக்கும் வந்தாயிற்று, உள்ளே இரண்டு ஆண்கள் மண்டியிடக் காத்திருக்கிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டு கை கோத்தபடி இருக்கிறது.

போன ஞாயிறு அதை அக்கா மகளுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "சித்தி, கையை முதல்ல யார் விட்டாங்கன்னு எழுதவே இல்லையே?"

மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். நாளைக்கு நான்காவது.